கிளி எடுத்த சீட்டை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க

1/ தேய்பிறை அஷ்டமின்னா அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல கூட்டம் அலைமோதும். சாம்பல் பூசணியில விளக்கு ஏத்துவாங்க. அதைப் பத்தி நான் பேச வரல, அது அவங்கவங்க நம்பிக்கை. என் சண்டை சீட்டோட.

2/ கிளி ஜோசியமோ, இப்ப ரீல்ஸ்ல வர்ற டாரோட் கார்டோ, உத்தி ஒண்ணுதான். "மனசுல ஒரு கவலை இருக்கு, வெளிய காட்டிக்க மாட்டீங்க." இது யாருக்குத்தான் பொருந்தாது?

3/ 1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 39 மாணவர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இது உன் குணம், எவ்வளவு பொருந்துதுன்னு 5-க்கு மார்க் போடு"ன்னார். சராசரி 4.26. அத்தனை தாள்லயும் எழுதியிருந்தது ஒரே விஷயம்!

4/ ஜனங்களைத் திட்ட மாட்டேன். ஜோசியர் உட்கார வச்சு பத்து நிமிஷம் காது கொடுக்கிறார். ஓ.பி. வரிசையில நாங்க ரெண்டு நிமிஷம் கொடுத்தாலே பெருசு. அது எங்க தப்பு.

5/ சீட்டு பார்க்கிறவங்களே, கல்யாணம், வேலை பத்தி என்னவோ சொல்லிக்கோங்க. நோயைப் பத்திக் கேட்டா "டாக்டரைப் பாருங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. "கிரகம் மாறிடுச்சு, மருந்து வேணாம்"னா காசநோய்க்காரர் 6 மாச மாத்திரையைப் பாதியில விடுவார். அப்புறம் அந்தக் கிருமி மருந்துக்கே அடங்காமப் போகலாம். சர்க்கரைக்காரருக்குக் காலே போகலாம். அப்போ கிளி வராது.

6/ மனசு பாரமா இருந்தா 14416, டெலி மானஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம். சீட்டு எடுங்க, மாத்திரையை விடாதீங்க.