இலந்தை வடையும் அத்தையின் கையெழுத்தும்

போன இதழில் கூழ்வற்றல் பற்றி எழுதினேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, "மாசி பிறந்தாச்சு, இலந்தை வடையை விட்டுட்டியே?" என்று உரிமையோடு கோபித்துக்கொண்டார். விடவில்லை அக்கா, இந்தத் தடவை அதை எழுதக் கொஞ்சம் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

தாமிரபரணிக் கரையில் பிசான அறுப்பு நடக்கிற சமயத்தில், ஆற்றை விட்டுத் தள்ளி மானூர்ப் பக்கம் போனால் வேறு பூமி. வாழையும் நெல்லும் போய், உடைமரமும் இலந்தையும்தான் கண்ணில் படும். அங்கே எங்களுக்கு ஒரு துண்டுப் புஞ்சை. என் மாமியார் பேரில் உள்ளது. விளைச்சல் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வரப்போரம் யாரும் நடாமல் தானாக முளைத்த மூன்று இலந்தை மரங்கள் உண்டு. என் வீட்டுக்காரரை வயிற்றில் சுமந்தபோது அத்தைக்கு மசக்கையில் சோறு இறங்காதாம். அந்தப் பழத்தைத் தின்றுதான் நாளை ஓட்டியிருக்கிறார்.

மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. பணத்துக்கு அந்தப் புஞ்சையை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் அத்தை கையெழுத்துப் போட வேண்டுமே! "நீ கேளு" என்று இவர் என்னைச் சொல்ல, "உங்க அம்மாகிட்ட நீங்களே கேளுங்க" என்று நான் சொல்ல, இரண்டு மாதம் ஓடிவிட்டது.

மாசி முதல் வாரம் வழக்கம்போல அத்தையும் நானும் முதல் பஸ்ஸில் போனோம். மரத்தடியில் பழைய சேலையை விரித்துக் கிளையைத் தொரட்டியால் உலுக்கினால், பழுத்தது தானாக உதிரும். கையை உள்ளே விடாதீர்கள். ஒரு முள் நேராக நிற்கும், பக்கத்து முள் கொக்கிபோல் வளைந்திருக்கும். நேர் முள்ளுக்குத் தப்பினால் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

பொறுக்கிக்கொண்டே இருந்தவர் தலை நிமிராமல், "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு என்னைக்குப் போணும்?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு சொன்னா அத்தை?"

"எல்லைக்கல்லுக்கு உன் புருஷன் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கானே, எனக்குக் கண்ணு தெரியாதா? பிள்ளை படிக்கட்டும். இந்த மாசிப் பழத்தை எடுத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. மூன்று கிலோ சேர்ந்தது.

இனி பக்குவம். ஒரு கிலோ பழத்துக்கு வெல்லம் கால் கிலோ, வற்றல் மிளகாய் எட்டு, நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. பழத்தை அலசி ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் பாருங்கள். இலந்தைக்கு ஒரு பழ ஈ உண்டு, வெளியே தங்கம்போல் இருக்கும், உள்ளே புழு நெளியும். உரலில் முதலில் மிளகாய், உப்பு, பெருங்காயம். அது நுணுங்கியதும் புளி, வெல்லம். கடைசியில் பழம். சதை நசுங்க வேண்டும், கொட்டை உடையக் கூடாது. போன வருஷம் சோம்பல்பட்டு மிக்ஸியில் போட்டேன். கொட்டைத் துணுக்கு எல்லார் பல்லிலும் கடிபட்டது!

கையில் எண்ணெய் தொட்டுச் சின்னச் சின்னதாகத் தட்டி ஓலைப்பாயில் வைத்து, மேலே மெல்லிய துணி மூடி, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் திருப்பித் திருப்பிக் காய வையுங்கள். உள்ளே ஈரம் நின்றால் பூசணம் பூத்துவிடும்.

இலந்தையில் வைட்டமின் சி ஏராளம். ஆனால் காயக் காய அது குறையும், எனவே சத்துக்குப் பச்சைப் பழமே மேல். வெல்லம் சேர்வதால் சர்க்கரை உள்ளவர்கள் ஆசைக்கு ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொட்டையோடு கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

1968-இல் வந்த 'பணமா பாசமா' படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய இலந்தைப் பழப் பாட்டு நினைவிருக்கிறதா? உரல் இடிக்கும்போது அத்தை அதை முணுமுணுப்பார். இந்த வருஷம் முணுமுணுக்கவில்லை.

பங்குனியில் பத்திரம் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அத்தை, முந்தானை முடிச்சை அவிழ்த்து எனக்கு ஒரு வடையைக் கொடுத்தார், இவருக்கு ஒன்று. இடத்தை வாங்கினவருக்கும் ஒன்று நீட்டி, "அந்த மூணு மரத்தை மட்டும் உடனே வெட்டிராதீங்க தம்பி" என்றார். அவர் சரி என்றுதான் தலையாட்டினார்.

மீதி வடை மகளின் ஹாஸ்டலுக்கு டப்பாவில் போகிறது.