கேமராவை நேராக வையுங்கள்

மதுரையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் மாணவர்களுக்குத் திரைக்கதை சொல்லிக்கொடுக்கிறேன். மனநோய் பற்றிக் குறும்படம் எடுக்கச் சொன்னால் ஆண்டுதோறும் ஒரே படம்தான் வந்து நிற்கும். உடைந்த கண்ணாடி, சாய்த்து வைத்த கேமரா, சிவப்பு விளக்கு, காரணமில்லாத சிரிப்பு, கடைசியில் கையில் கத்தி. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்', 2005-ல் 'அந்நியன்' என்று நம் சினிமா தலைமுறைகளாக நடத்திவரும் பாடம் அது. மனநோயாளி என்றால் கொலைகாரன், இல்லாவிட்டால் கோமாளி. 1794-ல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வைத்து எத்தனை நகைச்சுவைக் காட்சிகள்! அந்த வாசலை மிதிக்க இன்று ஓர் இளைஞன் கூசுகிறான் என்றால், அதில் நம் சிரிப்புக்கும் பங்கு உண்டு.

பைபோலார் என்ற இருமுனை மனநோயின் பெயரை இளைஞர்களிடம் கொண்டுபோனது 2012-ல் வந்த '3' படம். அதிலும் நாயகன் நோயை மனைவியிடம் மறைக்கிறான், முடிவில் உயிரை விடுகிறான். மாத்திரை போட்டுக்கொண்டு நாள் தவறாமல் வேலைக்குப் போகிறவர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். அவர்களைத் திரையில் தேட வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு, மாணவர்கள் பேனாவைத் தொடுவதற்கு முன்பே பைபோலார் உள்ள ஒருவரை வகுப்புக்கு வரச் சொன்னேன். கணக்கு எழுதும் வேலை பார்ப்பவர். அந்த நோய்க்கு லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் விஷம், குறைந்தால் பயனில்லை. அதனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை உண்டு. "கை லேசா நடுங்கும் தம்பி. டீக்கடையில கிளாஸ் நிறைய ஊத்திக் குடுத்துட்டா பயமா இருக்கும். பாக்குறவங்க குடிகாரன்னு நெனப்பாங்க" என்றார்.

மாணவர்கள் அந்த டீயைத்தான் படமாக்கினார்கள். டீ மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் முக்கால் கிளாஸ் ஊற்றி நீட்டுகிறார். கேமரா நேராக நிற்கிறது. இசை இல்லை, பாய்லர் இரைச்சல் மட்டும். படம் முடிந்ததும் முதலாமாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "இந்த மாத்திரை ஜி.எச்.ல கிடைக்குமா சார்?" என்றான்.

கத்தி பிடித்த படம் எதைப் பார்த்தும் எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை. பைபோலாரும் ஸ்கிசோஃப்ரினியாவும் பெரும்பாலும் தலைகாட்டுவதே பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். அதாவது என் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வயதில். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வோ, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதாகச் சொன்னது.

மருத்துவர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, சென்னையில் மனநலத்துக்கென்றே திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. அந்த வேலை மாவட்டந்தோறும் நடக்க வேண்டும். விஸ்காம் துறை உள்ள கல்லூரிகள் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைக் கூட வைத்துக்கொண்டு படம் எடுக்கட்டும். திரையிடும் அன்று அவரும் மேடையில் இருக்கட்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 கரும்பலகையில் பெரிதாக இருக்கட்டும். தன் வாழ்க்கையைச் சொல்ல வருகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். முகம் காட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். எடிட்டிங் முடியும் முன் அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். எங்கள் படத்தில் மனைவி மூலையில் உட்கார்ந்து அழுவதாக ஒரு காட்சி இருந்தது. "அவ எங்க அழுவா, மாத்திரை போடலைன்னா திட்டுவா" என்றார் வகுப்புக்கு வந்த அந்தக் கணக்கர். மாணவர்கள் மறுநாளே போய் அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்துவந்தார்கள்.