உச்சவரம்பு யாருக்கு?

தோழனே!

பதினொருவர் இந்தப் பக்கம். பதினொருவர் அந்தப் பக்கம். பந்து ஒன்று, நடுவர் ஒருவர், காலம் 90 நிமிடம். கோடீசுவரன் வீட்டுப் பிள்ளை உதைக்கிறான் என்பதற்காகக் கோல்கம்பங்கள் அகன்று வழிவிடுவதில்லை. வள்ளம் வலிப்பவன் பிள்ளை உதைக்கிறான் என்பதற்காக அவை நெருங்கி நின்று மறிப்பதும் இல்லை. மாடமாளிகையிலும் மன்றங்களிலும் தேடித் தேடிக் களைத்த சமத்துவம், இதோ இந்தப் புல்தரையிலே இருக்கிறது என்று பூரித்துப் போகிறோம்.

பூரிப்பிலே பிழையில்லை. ஆனால், அந்தப் பதினொருவர் எப்படி ஓரணியில் சேர்ந்தனர் என்று கேட்டுப் பார்! அங்கே கால் பேசுவதில்லை, காசு பேசுகிறது. எவன் பெட்டி கனக்கிறதோ, அவன் அணி ஓங்குகிறது.

இதற்கொரு கடிவாளம் வேண்டும் என்று கருதினர் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தார். 2011 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளுக்கு 'நிதி நேர்மை' என்று அழகான பெயரும் சூட்டினர். வரவுக்குள் செலவிடு, கடன் வாங்கிக் களியாட்டம் ஆடாதே என்பதே அவற்றின் சாரம். நம் வீட்டுப் பாட்டி சொல்லும் புத்திமதி போலவே இருக்கிறதல்லவா?

நோக்கத்தை நான் குறை கூறமாட்டேன். இங்கிலாந்திலே பரி என்றோர் ஊர். அவ்வூர் அணி பிறந்தது 1885-இல். தாத்தன் கைப்பிடித்துப் பேரன் போனான். பேரன் கிழவனாகித் தன் பேரனை அழைத்துப் போனான். பணமுடையிலே சிக்கிய அந்த அணி, 2019 ஆகஸ்டில் லீக் போட்டிகளை விட்டே நீக்கப்பட்டது. நம் நாட்டிலும் கண்டோமே! மகிந்திரா யுனைடெட் 2010-இல் கலைந்தது. 1996-97-இல் நடந்த முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாராவின் ஜேசிடி, 2011-இல் கலைந்தது. நிறுவனம் முடிவெடுத்தது, அணி மறைந்தது. கைதட்டியவர்களை யாரும் கலந்து பேசவில்லை. ஆகவே வரம்பு வேண்டும், கட்டாயம் வேண்டும்.

எத்தகைய வரம்பு? வழக்கு அங்கேதான் இருக்கிறது.

நம் மாநிலத்தில் 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று எல்லை கட்டியது. 1970-இல் அந்த எல்லை 15 ஆகச் சுருங்கியது. அதில் ஓட்டைகள் இருந்தன, விலக்குகள் இருந்தன, மறுக்கவில்லை. எனினும் எண் ஒன்று, மிட்டாமிராசுக்கும் அதுவே எண். இப்படி நினைத்துப் பார்: அன்று ஒரு கனவான் எழுந்து, "அவைத்தலைவர் அவர்களே! பொது எல்லை எதற்கு? அவரவர் வைத்திருக்கும் நிலத்தில் நூற்றுக்கு எழுபதை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். ஆயிரம் ஏக்கர்காரருக்கு எழுநூறு, பத்து ஏக்கர்காரருக்கு ஏழு. சட்டம் அனைவருக்கும் சமம்!" என்று முழங்கியிருந்தால்? நாடு சிரித்திருக்கும்.

ஐரோப்பாவில் எவரும் சிரிக்கவில்லை. 2022-இல் திருத்தி எழுதிய விதி அதைத்தான் சொல்லுகிறது. வீரர் ஊதியம், பயிற்சியாளர் ஊதியம், வீரரை வாங்கும் விலை, தரகர் கூலி ஆகிய அத்தனையும் சேர்ந்து வரவில் நூற்றுக்கு 90-ஐத் தாண்டக்கூடாது. அடுத்த ஆண்டு 80, அதன்பின் 70. ரியல் மாட்ரிட்டின் ஆண்டு வரவு 2023-24-இல் 100 கோடி யூரோவைத் தாண்டியது. அதற்கு அனுமதி 70 கோடிக்கு மேல். 5 கோடி யூரோ வரவுள்ள அணிக்கு மூன்றரைக் கோடி. இருவரும் வரம்புக்குள்ளே, இருவரும் சட்டத்தின் முன் சமம்!

"சிறிய அணி வரவைப் பெருக்கிக்கொள்ளட்டுமே" என்கிறார்கள். எப்படிப் பெருக்குவது? வென்றால்தான் வரவு. வல்லவனை வாங்கினால்தான் வெற்றி. வரவிருந்தால்தான் வாங்க உரிமை. பேச்சிப்பாறைத் தண்ணீரை, "கன்னிப்பூவில் கோட்டை கோட்டையாய் நெல் அளந்தவன் வயலுக்கே கும்பப்பூவிலும் மடை திறப்போம்" என்று பங்கிட்டால், கடைமடைக்காரன் என்றைக்கு நாற்று நடுவான்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த விதியை எதிர்த்து உரக்கக் கூவுகிறவர்களில் பலர் ஏழைகள் அல்லர். எண்ணெய்ப் பணத்தோடு நேற்று வந்த புதுச்செல்வர், "பழஞ்செல்வர் எங்களை உள்ளே விட மறுக்கிறார்கள்" என்று முறையிடுகிறார்கள். பழைய பண்ணையாருக்கும் புதிய பண்ணையாருக்கும் நடக்கும் வாய்க்கால் தகராறு அது. இதில் எந்தப் பண்ணையார் பக்கமும் நின்று தாரை ஊத எனக்கு விருப்பமில்லை.

பினாமியும் உண்டு, தோழனே! நில உச்சவரம்புக்கு அஞ்சியவர்கள் மைத்துனன் பேரிலும் மாமியார் பேரிலும் எழுதி வைத்த கதை நமக்குப் பழையது. லண்டனின் செல்சீ அணி 2023-இல் தன்னுடைய இரண்டு ஓட்டல்களைத் தன் உடைமையாளரின் வேறொரு நிறுவனத்துக்கே ஏழரைக் கோடி பவுண்டுக்கு மேல் விலைபேசி விற்று, வரவென்று கணக்கெழுதியது. வலப்பையிலிருந்து இடப்பைக்குப் போன பணம்! இங்கிலாந்தின் பிரீமியர் லீக் விதி அதைத் தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய வரவை ஏற்க மறுத்தது. கணக்கு விதிகளை மீறியதற்காக 2025 ஜூலையில் அபராதமும் விதித்தது. பெரிய அணிக்கு அபராதம் என்பது வள்ளத்துக்கு விழும் தூறல்.

அதே இங்கிலாந்தில் எவர்ட்டன் அணி, மூன்றாண்டுக் கணக்கில் அனுமதித்த பத்தரைக் கோடி பவுண்டு நட்டத்தை ஏறத்தாழ இரண்டு கோடி தாண்டியது. 2023 மார்ச்சில் குற்றச்சாட்டு. நவம்பரில் 10 புள்ளிகள் பறிப்பு. மேல்முறையீட்டில் அது 6 ஆனது. மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆயிற்று. குற்றமில்லை என்கிறது அந்த அணி, வழக்கும் சிக்கலானது. மெய் பொய்யைத் தீர்க்க நான் நீதிபதி அல்லன். வக்கீல் படை வைத்திருப்பவனுக்கு வாய்தா கிடைக்கிறது என்பதை மட்டும் கண் உள்ளவர் காணட்டும்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். 2014-இல் பிறந்த இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வைத்தார்கள். சில ஆண்டுகள் பதினாறரைக் கோடி ரூபாய் என்றிருந்த அந்த எல்லை, கொல்கத்தாவுக்கும் அதே, கவுகாத்திக்கும் அதே. நில உச்சவரம்பின் வடிவம்! ஐரோப்பா நம்மிடம் கற்க வேண்டியது இது என்று கைதட்டத் தோன்றுகிறது. தட்டுமுன் வாசலைப் பார்.

2019 மார்ச் 9. கோவை நேரு விளையாட்டரங்கம். சென்னை சிட்டி அணி, மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ லீக் வாகை சூடியது. பெரும்பணமில்லாத ஒரு தமிழ்நாட்டு அணி இந்தியாவின் லீக்கை வென்றது. பரிசாக மேல்தளத்துக்கு அழைத்தார்களா? இல்லை. அங்கே இடம் பெறக் காலில் திறமை போதாது, ஆண்டுதோறும் கோடிகளில் கட்டணம் வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு சூப்பர் லீக்கே முதல்தரம், ஐ லீக் இரண்டாந்தரம் என்றாயிற்று. வென்றவன் வென்ற இடத்திலேயே நிற்க, ஏணி மட்டும் ஒரு படி இறங்கியது. வெற்றியால் உள்ளே நுழையும் வழி 2023-இல்தான் பஞ்சாப் அணிக்குத் திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ லீக்கிலேயே இல்லை. 2020-21 பருவமே அதற்கு அங்கே கடைசி.

உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம். வெளியே நிற்பவனுக்குச் சுவர். அதுமட்டுமா? உச்சவரம்பு எதற்கு வைத்தார்கள்? ஆடுகிறவன் கூலிக்கு! வாயிற்கட்டணத்துக்கு வரம்பில்லை. 2010-இல் 15 ஆண்டுக்குக் கையெழுத்தான வணிக ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாமல் கிடந்தபோது, 2025 ஜூலையில் லீக் பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. சில அணிகள் வீரர் சம்பளத்தை நிறுத்தின. வரம்புக்கு உட்பட்டுப் பேசிய சம்பளமும் கைக்கு வரவில்லை.

நம் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்கிறாயா? நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என எட்டுத் துறைகள். ஆழ்கடலில் சுறாவைத் தேடிப் போகும் ஊர்கள். 2017-இல் ஒக்கிப் புயல் வீடுவீடாகத் துக்கம் விதைத்த ஊர்கள். அந்தக் கடற்கரை, மீனுக்கு அடுத்தபடி கால்பந்து வீரர்களை ஈன்று தருகிறது. மீனவர் குடும்பத்தில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், அங்கிருந்து சென்னை சிட்டிக்கும், ஜாம்ஷெட்பூருக்கும், கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார்; 2019-இல் இந்தியாவுக்கும் ஆடினார். மணலிலே ஓடிப் பழகிய கால் புல்லிலே பறக்கிறது!

கரமடி இழுத்தால் வலைக்கொரு பங்கு, வள்ளத்துக்கொரு பங்கு, கயிறு பிடித்த கைக்கொரு பங்கு. அந்த நீதி கால்பந்திலும் எழுத்தளவில் இருக்கிறது. நாடு விட்டு நாடு ஒரு வீரன் விலைபோனால், அவ்விலையில் நூற்றுக்கு 5, அவனை 12 முதல் 23 வயது வரை பயிற்றிய அணிகளுக்குப் போகவேண்டும் என்கிறது ஃபிஃபா. உள்நாட்டிலும் பயிற்றியவருக்குப் பயன் கிட்டும் முறை வேண்டும் என்கிறது. ஒரு கோடி ரூபாய்க்குக் கைமாறினால் 5 இலட்சம். அந்த ஐந்தில் 12 முதல் 15 வயது வரையிலான நான்காண்டுப் பயிற்சிக்கு உரியது ஒரு இலட்சம். செல்சீக்கு அது தூசு. கடலோர அணிக்கு அது பந்து, காலணி, பயிற்சியாளர்.

ஆனால் பங்கு கேட்கப் பதிவு வேண்டும். எந்த வயதில் எந்த அணியில் ஆடினான் என்று ஏட்டில் இருந்தால்தான் காசு நகரும். தூத்தூர் மணலில் இன்று மாலை ஆடப்போகும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பெயர், எந்த அணியின் கீழ், எந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது? மாவட்டச் சங்கத்திடமும் மாநிலச் சங்கத்திடமும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இது.