குறட்டையும் காற்றுக் கருவியும்



காரைக்குடியில் ஓர் இல்லத்தை மந்திரிக்கச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் வேன் ஓட்டிப் பிழைப்பவர். தீர்த்தம் தெளித்து வருகையில், பீரோவின் மேல் துணி சுற்றிய பெட்டி ஒன்றைக் கண்டு வினவினோம். "மூச்சு மெஷின் சாமி. பொண்ணு பார்க்க வர்றவங்க கண்ணில் படக்கூடாதுன்னு இவுக ஏத்தி வச்சிட்டாக" என்றார் இல்லத்தரசி. பின்னர் தாழ்ந்த குரலில், "ராத்திரி மூச்சு நின்னுபோகும்; திரும்பி வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே கிடப்பேன்" என்றார்.

குறட்டை விடுபவன் நிம்மதியாக உறங்குகிறான் என்று சொல்லிப் பழகிவிட்டோம். எல்லோருக்கும் அது பொருந்தாது. சிலருக்கு நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. மணிக்கு 30 தடவை இவ்வாறு நிகழ்ந்தால் வியாதி கடுமையானது என்பர் மருத்துவர். இரத்த அழுத்தம் உயரும். பகலில் கண்கள் தாமே மூடும். (மறையுரையின்போது தூங்குவோர் அனைவரும் இந்நோயாளிகள் என்று நாம் சொல்ல வரவில்லை, அதில் நமக்கும் பங்குண்டு!) 2022 பிப்ரவரியில் இந்தித் திரையிசையமைப்பாளர் பப்பி லஹிரி இந்நோய் காரணமாகவே காலமானார் என்று மருத்துவர் அறிவித்தனர்.

முன்னாளில் கடும் நோயாளிக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாக இருந்தது. 1980இல் சிட்னி பல்கலைக்கழக மருத்துவர் காலின் சல்லிவன், மூக்கின் வழியே இடைவிடாது காற்றைச் செலுத்தினால் அது தொண்டையை மூடவிடாமல் தாங்கும் என்று கண்டார். மறு ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இன்றைய கருவியும் அதுவே. பிராணவாயு உருளையும் அன்று, மரணப் படுக்கையின் அடையாளமும் அன்று; அறைக் காற்றை வடிகட்டி, அழுத்தம் கூட்டி அனுப்பும் சிறு விசிறிதான். ஆயினும் நோயை அடியோடு தீர்ப்பதில்லை. அணியாத இரவில் அடைப்பும் திரும்பிவிடும்.

"மாப்பிள்ளை வீட்டார் பார்த்தால் பார்க்கட்டும். சாலையில் நீர் கண்ணயர்ந்தால் பின்னால் அமர்ந்திருப்போர் கதி என்ன?" என்று சற்றுக் கடிந்தே கேட்டோம். வெகுநேரம் பேசாதிருந்தவர், வெட்கம் மட்டும் காரணமன்று என்றார். முகமூடி பெரிதாம், ஓரத்தில் கசியும் காற்று கண்ணில் அடித்ததாம். அளவு மாற்றித் தருவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது! வரும் திங்களன்று மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதாகக் கூறியிருக்கிறார். பெட்டியை அப்போதே கீழே இறக்கிவைக்கச் செய்துவிட்டு வந்தோம்.