பிளக் ஏன் சுடுகிறது?

சகோதரிகளே, நோன்பு காலத்தில் ஸஹர் நேரத்துச் சமையலறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே மல்டி பிளக்கில் கேத்தலும் ரைஸ் குக்கரும். நேரம் மிச்சமென்று, பிள்ளையின் ஸ்கூல் உடுப்புக்கு அயனும் அதிலேயே. பிளக்கைத் தொட்டால் சுடுகிறது. "கரண்ட் சாமானென்றால் சுடத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம். கேத்தல் சுட வேண்டும்தான், பிளக் சுடக்கூடாது.

பிளக்கைக் கழற்றி, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட்ஸ் என்பதுபோல் எழுதியிருக்கும். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அம்பியர் என்பது ஓடும் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட்ஸ், அதாவது வலு. ஆகவே வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வந்துவிடும். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7. அதேபோல 1000 வாட்ஸ் அயனுக்கு 4.3, 700 வாட்ஸ் குக்கருக்கு 3. கூட்டினால் 16 அம்பியர். சுவரில் இருக்கும் சொக்கெட்டோ 13 அம்பியருக்கு உரியது. பழைய வீடுகளிலுள்ள 5 அம்பியர் உருண்டைக் கால் சொக்கெட்டென்றால் கேத்தல் ஒன்றே அளவுக்கு மிஞ்சியது.

இனி, வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் கிடைப்பது தடை. 230ஐ 8.7ஆல் வகுத்தால் சுமார் 26 ஓம். கேத்தலுக்குள் இருக்கும் சூடாக்கும் கம்பியின் தடை இது. ஜேர்மனியரான ஜோர்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி. சாதாரண தரப் பரீட்சைக்கு மகள் மனனம் செய்வதும் இதைத்தான். கேத்தலின் அடியைப் பார்த்துக் கணக்குச் செய்யச் சொன்னால் மனனமே தேவைப்படாது.

கரண்ட் மங்கும் நேரத்தில் கேத்தல் சுணங்குவதற்கும் இதில் பதில் உண்டு. கம்பியின் தடை மாறுவதில்லை. 200 வோல்ட்தான் வருகிறதென்றால் ஓடுவது 7.6 அம்பியர், வலு 1500 வாட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். கேத்தல் பழுதென்று கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பிளக்குக்கு வருவோம். உள்ளே ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் அரை ஓம் தடை உண்டாகிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பியரை அம்பியராலேயே பெருக்கி, வருவதைத் தடையாலும் பெருக்கினால் அங்கே பிறக்கும் சூடு தெரியும். 8.5 தரம் 8.5 தரம் அரை: 36 வாட்ஸ். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்குகிறாரே, அந்தச் சிறிய சோல்டரிங் அயன்கள் பல 30, 40 வாட்ஸ்தான். அப்படியொன்று பிளாஸ்டிக் பிளக்குக்குள் எரிந்துகொண்டிருக்கிறது!

ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும்தானே என்று பலரும் நம்புகிறார்கள். விழாது. மின்சாரம் வெளியே கசிந்தால்தான் அது விழும்; இங்கே கசிவு எதுவுமில்லை. ஃபியூஸும் உருகாது, ஓடும் அம்பியர் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தேயிருக்கிறது. காட்டித்தருவது உங்கள் கையும் மூக்கும்தான்: சூடு, கருகல் மணம், பிளக் காலைச் சுற்றிப் பழுப்பு நிறம்.

அப்படிக் கண்டால் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். அவர் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் போகப் பார்த்தால் சம்மதிக்காதீர்கள். சொக்கெட்டுக்குள் பிடித்துக்கொள்ளும் தகடும் சூட்டில் தளர்ந்திருக்கும். அது புதுப் பிளக்கையும் கருக்கிவிடும். இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள்.