வலைக்கு முதலிடம், துடுப்புக்கு அடுத்த இடம்: முட்டுக்காடு கழி குறித்து எங்கள் நிலைப்பாடு

முட்டுக்காடு உப்பங்கழியில் படகு விளையாட்டுகளை இன்னும் பெருக்க வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. இருப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எங்கள் அமைப்பில் விடுமுறை நாட்களில் கயாக் செலுத்துவோர் இருக்கிறோம். கேளம்பாக்கம், படூர், தையூர்ப் பகுதிகளில் வீடு வாங்கிக் குடியேறியோர் இருக்கிறோம். கழியில் வலை வீசிப் பிழைத்த குடும்பங்களில் பிறந்தோரும் இருக்கிறோம். எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவை இங்கே முன்வைக்கிறோம். மக்கள் இந்த நீரில் இறங்கட்டும். துடுப்பால் ஓடும் எல்லாமே வளரட்டும். மோட்டார் படகு, இப்போது உள்ளதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். எதைச் செய்தாலும் மீனவரின் வலைக்கு வழி விட்ட பிறகே செய்ய வேண்டும். நீர் சுத்தமாக இருக்கிறதா என்ற விவரம் மாதந்தோறும் கரையிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தெற்கே வந்தால் பாலம் வரும். பாலத்துக்குக் கிழக்கே முகத்துவாரம், மேற்கே விரிந்த கழி. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் இங்கே படகுக் குழாம் திறந்தது. அன்று கேளம்பாக்கம் உப்பளங்களுக்குப் பேர் போன ஊர். இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள். சிறுசேரியில் மென்பொருள் நிறுவனங்கள். இத்தனை ஆயிரம் குடும்பங்கள் வந்து சேர்ந்த இடத்தில் பிள்ளைகள் ஓடி விளையாடப் பெரிய மைதானம் கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை திறந்து கிடக்கும் பொது இடம் இந்த நீர் ஒன்றுதான். அதில் இறங்க மக்கள் ஆசைப்படுவதை யாரும் குற்றமாகப் பார்க்க வேண்டாம்.

ஆனால் எந்த நீரில் இறங்குகிறோம்? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். இந்தக் கழிக்குப் பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கிலிருந்து தண்ணீர் வருகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவைக் கடந்து, கால்வாயில் சேர்ந்து, தெற்கே ஓடி முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்துக்குக் கடலோடு உள்ள முக்கியத் தொடர்பு இந்த முகத்துவாரம். வழியெங்கும் குடியிருப்புகளின் கழிவுநீர் கால்வாயில் கலக்கிறது. பாதாளச் சாக்கடை வந்து சேராத இடங்களில் கழிவுநீர் லாரிகள் இரவில் எங்கே போய்க் காலியாகின்றன என்பது இந்தப் பகுதியில் வசிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததே.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலோர நீரை அதன் பயன்பாட்டைக் கொண்டு ஐந்து வகையாகப் பிரித்திருக்கிறது. முதல் வகை உப்பளங்களுக்கும் சிப்பி எடுப்பதற்கும் உரியது. இரண்டாவது வகைக்குள் குளிப்பது, உடல் நனையும் நீர் விளையாட்டு, வணிக மீன்பிடிப்பு மூன்றும் ஒன்றாக அடங்குகின்றன. அந்த நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக்கழிவுக் கிருமிகளின் அளவு 100ஐத் தாண்டக் கூடாது. லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு விஷயத்தை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம்: கயாக்கில் வருபவருக்கும் கொடுவா பிடிப்பவருக்கும் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே. இரு தரப்பும் எதிரெதிரே நின்று சண்டை போடுவதாகக் காட்டப்படுகிறது. உண்மையில் இருவரும் கேட்பது ஒரே தண்ணீரை. கழிவுநீரைக் கொட்டுகிறவருக்கு எதிராக இருவரும் சேர்ந்து நின்றால்தான் அது கிடைக்கும். எனவே படகுக் குழாமின் வாசலிலும், கோவளம் மீன் இறங்குதளத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும் ஒவ்வொரு மாதமும் நீர்ப் பரிசோதனை முடிவைத் தமிழில் ஒட்ட வேண்டும். அளவு மீறிய மாதத்தில் படகுச் சீட்டு விற்கக் கூடாது.

அடுத்தது, நீரில் ஏற்கெனவே இருப்பவர்கள். கழியில் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக உள்ளன. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். அவர்களிடம் படகு இல்லை, வலையும் இல்லை. ஆழம் குறைந்த ஓரங்களே அவர்களின் வயல். கயாக்கும் நின்றபடி செலுத்தும் பலகையும் அமைதியான ஓரத்தைத்தான் தேடிப் போகும். புதிதாகக் கற்றுக்கொள்பவரை அங்கேதான் விடுவார்கள். ஆகவே துடுப்பால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நாங்களே சொல்லிக்கொள்ள முடியாது. எந்த ஓரம் யாருக்கு, எந்த நேரம் யாருக்கு என்பதை மீனவப் பஞ்சாயத்தும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர்களும் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். விடியற்காலையும் மாலையும் வலைக்கு உரிய நேரம் என்று அவர்கள் சொன்னால், அந்த நேரத்தில் எங்கள் உறுப்பினர் ஒருவரும் நீரில் இருக்க மாட்டோம். வலை கட்டியிருக்கும் இடத்துக்கு அருகே துடுப்புப் போடக் கூடாது என்பதையும் உறுப்பினர்களுக்கு விதியாகவே வைக்கிறோம்.

பொழுதுபோக்கின் வருமானம் யாருக்குப் போகிறது என்பதிலும் எங்களுக்குத் தெளிவான கருத்து உண்டு. பக்கத்துக் கோவளம் நல்ல முன்னுதாரணம். அங்கே அலைச்சறுக்கை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன். 2012இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் குப்பத்து இளைஞர்கள் பயிற்றுநர்கள் ஆனார்கள். கடலின் போக்கு தெரிந்தவர் கையில் கற்பவரின் உயிர் பத்திரமாக இருக்கிறது. வருமானமும் ஊருக்குள்ளேயே நிற்கிறது. 2021இல் அந்தக் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. கழியில் புதிதாகத் துடுப்புப் பயிற்சிக்கு உரிமம் கொடுத்தால் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் முதலில் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் நிறுவனத்துக்கு மொத்தமாக ஏலம் விடுவதை நாங்கள் எதிர்க்கிறோம்.

புதிய மோட்டார் படகு வேண்டாம் என்பதற்குக் காரணம் எளியது. கழியில் ஆழம் குறைவு. விசைப்படகின் சுழலி அடிச்சேற்றைக் கிளப்புகிறது. அலை கரையை அரிக்கிறது, வலையை இழுக்கிறது, துடுப்புப் படகைக் கவிழ்க்கப் பார்க்கிறது. உப்பளங்களிலும் சேற்றுத் திட்டுகளிலும் குளிர்காலத்தில் வந்து இரை தேடும் பறவைகள் அந்தச் சத்தத்தில் எழுந்து போய்விடுகின்றன. இரண்டு தளம் கொண்ட மிதக்கும் உணவகமும் இப்போது இங்கே ஓடுகிறது. அதன் கழிவறைத் தொட்டியும் சமையலறைக் கழிவும் கரைக்குக் கொண்டுவந்தே அகற்றப்படுகின்றன என்பதை மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது சோதித்து அறிவிக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவில் 12 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் உயிர்காப்பு அங்கி அணிவிக்காததும்தான் உயிரைக் குடித்தன. பழவேற்காட்டில் அதன் பிறகு படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிச் சவாரி மறைவாக நடப்பதாகச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதியிருக்கின்றன. தடை போட்டால் கண்காணிப்புதான் போகிறது, ஆசை போவதில்லை. முழுத் தடை கேட்கும் நண்பர்களோடு நாங்கள் வேறுபடுவது இந்த இடத்தில்தான்.

தேவைப்படுவது ஒழுங்கு. 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரம் இல்லாத படகுகளைப் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க இடம் தருகிறது. தமிழ்நாடு அரசு அந்த அதிகாரத்தை முட்டுக்காடு, கோவளம் ஊராட்சிகளுக்குக் கொடுக்கட்டும். ஒவ்வொரு படகிலும் எண்ணும், எத்தனை பேர் ஏறலாம் என்ற அளவும் எழுதப்பட வேண்டும். அங்கி அணியாதவருக்குத் துடுப்புத் தரக் கூடாது. குழந்தைகளின் அளவுக்குத் தைத்த அங்கி இல்லாத இடத்தில் குழந்தைகளை ஏற்றக் கூடாது. பெரியவர் அங்கியைக் குழந்தைக்கு மாட்டினால் அது கழன்று மேலே வந்துவிடும்.

முகத்துவாரம் தனி ஆபத்து. கோடையில் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் நீர்வளத் துறை அதை வெட்டி விடுகிறது. 2015 டிசம்பர் போன்ற வெள்ளத்தில் தென்சென்னையின் தண்ணீர் வடிவதற்கு இந்த வாய் திறந்திருந்தாக வேண்டும். அதில் யாருடைய பொழுதுபோக்குக்கும் இடமில்லை. வெள்ளம் வடியும்போது பாலத்துக்குக் கீழே நீர் கடலை நோக்கிப் பாயும் வேகத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் நிற்க முடியாது. எனவே பாலத்துக்குக் கிழக்கே ஆண்டு முழுவதும் துடுப்புப் படகு கூடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வெள்ளநீர் வடியும் நாட்களில் கழி முழுவதையும் மூடிவிட வேண்டும். அதற்கான சிவப்புக் கொடியை ஏற்றும் அதிகாரம், சீட்டு விற்பவரிடம் இல்லாமல், நீர்வளத் துறையிடமும் மீனவப் பஞ்சாயத்திடமும் இருக்க வேண்டும்.

கரைக்குப் போகும் வழிகளையும் மறக்க முடியாது. ஆறும் கரையும் மக்களுக்காக அரசு பொறுப்பேற்றுக் காக்கும் சொத்து என்று உச்ச நீதிமன்றம் கமல்நாத் வழக்கில் 1996இல் தெளிவாகச் சொன்னது. இங்கே கழியோரம் மதில்கள் எழுந்து, பழைய நடைபாதைகள் அடைபட்டு வருகின்றன. விடுதியில் அறை எடுத்தால்தான் தண்ணீரைத் தொடலாம் என்ற நிலை வரக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சலும் துடுப்பும் கட்டணமில்லாமல் கற்றுத்தர வேண்டும். நீர் சூழ்ந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு நீந்தத் தெரிய வேண்டும் என்பதைச் சலுகையாக நாங்கள் கேட்கவில்லை.

முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். மாதாந்திர நீர்ப் பரிசோதனை, வலைக்கு உரிய நேரம், படகுப் பதிவு ஆகிய மூன்றையும் தீர்மானமாகக் கொண்டுவர எங்களோடு கை உயர்த்துங்கள்.