அடுத்த வீட்டுப் பெண்ணை மறக்கலாமா?

'படோசன்' என்றால் தெரியாதவர் குறைவு. 1968-ல் வந்த அந்த இந்திப் படத்துக்கு 8 ஆண்டுகள் முன்பே அதே கதை தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆக வந்ததை எத்தனை பேர் அறிவர்? இரண்டுக்கும் மூலம் 1952-ல் வெளியான வங்காளப் படம்.

பாட்டென்றால் உயிரை விடும் பக்கத்து வீட்டுப் பெண் அஞ்சலி தேவி. அவரை விரும்பும் டி.ஆர். ராமச்சந்திரனுக்கோ பாட்டு வராது. நண்பர் தங்கவேலு மறைந்திருந்து பாட, இவர் வாயை மட்டும் அசைப்பார். அந்தத் தங்கவேலுவுக்கே இரவல் குரல் தந்தவர் பி.பி. ஸ்ரீனிவாஸ்! சினிமாவின் பின்னணிப் பாட்டு ரகசியத்தையே கேலிக்கு எடுத்துக்கொண்ட துணிச்சலை என்னென்பது? ஆதிநாராயண ராவின் இசை இன்றும் இனிக்கிறது.

'படோசன்' படத்தில் மெஹ்மூத் ஏற்ற பாட்டு வாத்தியார் தமிழர். அவருடைய கொச்சை இந்திதான் அங்கே பாதிச் சிரிப்புக்கு முதல். நம் பேச்சைக் கேட்டு இரு புறத்தாரும் சிரிப்பது மீனாட்சிபுரம் போன்ற எல்லையூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அதனாலேயே, பாட வராதவனின் தவிப்பைக் கொண்டு சிரிக்க வைக்கும் தமிழ்ப் படம் எனக்கு ஒரு படி உசத்தி. பொங்கல் விழாவுக்குப் படம் தேடும் தமிழ் மன்றங்கள் இதை ஒரு முறை போட்டுக் காட்டட்டுமே!